உள்பக்கக் கைப்பிடி

சப்வூஃபரில், அந்தத் தரை அதிரும் பேஸ் பெட்டியில், சத்தம் வரவில்லை என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். பின்னால் லைட் எரிகிறதா? பத்தில் ஆறு பேர் வீட்டில் எரியாது. வீட்டைப் பெருக்கும்போது துடைப்பம் இடித்து பிளக் கழன்றிருக்கும். மீதிப் பேரில் பாதி ரிமோட்டில் எதையாவது அமுக்கிவிட்டு, நான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். பதினேழு வருடமாக ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் மிஷின் கெட்டுப்போவது குறைவு, மனுஷன் கெடுத்து வைப்பதுதான் அதிகம்.

அந்த அம்மாவிடமும் அதையேதான் கேட்டேன்.

"லைட்டு எரியுதான்னு எனக்குத் தெரியாது தம்பி. நான் கீழ இறங்கறதில்ல," என்றார். பிறகு சொன்னார்: "செட்டை வாங்க வந்தவர் சத்தமே வரலைன்னு திரும்பிப் போயிட்டார். ஆனா மேல எனக்குக் கேக்குது."

அவர் கடகட சாரின் மனைவி. நான் வைத்த பெயர்தான் அது, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. சார் ரயில்வே சிக்னலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இருந்தது காதா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சந்தேகம். மாதம் ஒருமுறை போன் வரும். "கடகடன்னு ஒரு சத்தம் வருது தம்பி" என்பார். போய்ப் பார்த்தால் உண்மையாகவே இருக்கும். பேஸ் அதிரும்போது ஏசி மூடியில் ஒரு திருகு ஆடும், அல்லது பல்பு ஹோல்டர் ஆடும். எனக்குக் கேட்கவே கேட்காது. அவர் கை நீட்டிக் காட்டுவார், நான் முறுக்குவேன், அவர் முகம் மலர்ந்துவிடும். எத்தனையோ பேருக்கு வேலை செய்திருக்கிறேன், அவரைப் போல எனக்குப் பிடித்த வாடிக்கையாளர் வேறு யாருமில்லை.

அவர் இறந்து நான்கு மாதமாகிவிட்டது. நான் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

மத்தியானம் இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். சரிவான தெருவின் கடைசி வீடு. வேனை வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து பையை எடுத்தேன். அம்மா தயாராக உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு சின்னப் பெட்டி. நான்கு மணிக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்புவதாகவும், நாளைக்குத்தான் வருவதாகவும், வேலை முடிந்தால் நானே வாசல் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். இளைத்துப் போயிருந்தார். என்னைக் குறை சொல்லும் பார்வை எதுவும் அவரிடம் இல்லை, அதுவே எனக்குத் தாங்கவில்லை.

சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டேன். அவர் மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். மூன்று தட்டு. ஒரு இடைவெளி. மறுபடி மூன்று.

"இந்தத் தரையிலதான். மூணு மணிக்கு மேல வரும். சுவிட்ச அணைச்சா நின்னுடும்."

அப்படியென்றால் எர்த் கோளாறாக இருக்கும் என்று சொன்னேன். என்னவோ பெரிய டாக்டர் மாதிரி தலையை வேறு ஆட்டினேன். சுவிட்சை அணைத்தால் நிற்கிறது என்றால் அது கரண்ட் விவகாரம், பேய் விவகாரம் இல்லை. எனக்குள் நானே இப்படிச் சொல்லிக்கொண்டு படி இறங்கினேன்.

அந்த சுவிட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிக்கட்டின் மேலே, ஹாலில், நான் வைத்ததுதான். கீழே இருக்கும் தியேட்டர் அறையின் விளக்கு, செட், வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறி எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச். அறையை அவ்வளவு அக்கறையாகக் கட்டியிருந்தேன். இரட்டைச் சுவர், நடுவில் பஞ்சு, அதன்மேல் உலோகத் தகடு, நான்கு விரல் தடிமனில் கதவு, அதைச் சுற்றிலும் ரப்பர். வேலை முடிந்த அன்று சாரிடம் பெருமையாகச் சொன்னேன், உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒரு கொசுவுக்குக்கூடக் கேட்காது என்று. பேஸை மட்டும் என்னால் அடக்க முடியவில்லை. அது தூணில் ஏறி, தரையில் நடந்து, மேலே ஹாலில் அம்மாவின் பாதத்தில் போய் அதிரும். தாங்க முடியாதபோது அவர் சுவிட்சை அணைப்பார். சார் கத்திக்கொண்டே மேலே வருவார். அம்மா காபியை நீட்டுவார். சண்டை அத்தோடு சரி. நானே இரண்டு மூன்று தடவை பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

பதினொரு படி இறங்கினால் அறை. கதவைத் தள்ளினேன். மூடிக் கிடந்த கம்பளத்தின் நாற்றம். அதற்கு அடியில் புளித்த வியர்வை மாதிரி ஏதோ ஒன்று. மேலே சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் இறங்கியிருந்தேன், விளக்கு எரிந்தது.

கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் சாம்பல் நிற ஸ்பாஞ்ச். நான் அடைத்த ஸ்பாஞ்ச்.

நான் கடைசியாக அந்த வீட்டுக்குப் போனது ஐந்து மாதத்துக்கு முன்னால். வழக்கம்போல ஒரு கடகட. அன்றைக்கு அது கதவின் உள்பக்கக் கைப்பிடி. பேஸ் அதிரும்போதெல்லாம் கைப்பிடி கம்பியில் ஆடியது. நான் கைப்பிடியையும் சதுரக் கம்பியின் உள்பக்கப் பாதியையும் கழற்றிப் பையில் போட்டேன். இனி வெளியிலிருந்து திறக்கலாம், உள்ளேயிருந்து முடியாது. ரப்பர் வைத்துத் திங்கட்கிழமை கொண்டுவந்து மாட்டுகிறேன், அதுவரை கதவை மூடாதீர்கள், கட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சார் சந்தோஷமாகத் தலையாட்டினார். சத்தம் போய்விட்டதே, அவருக்கு அது போதும்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை வந்தது. அடுத்த திங்கள் காய்ச்சல். அதற்கடுத்த திங்கள் மறந்தே போனேன். நான்காவது வாரம், சார் அந்த அறையிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நெஞ்சுவலி எங்கே இருந்தாலும் வரும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கைப்பிடி என் பையின் பக்கவாட்டு அறையிலேயே கிடந்தது. எதையாவது தேடும்போது கையில் படும். படும்போதெல்லாம் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுவேன். இதுதான் நான் துக்கத்துக்குப் போகாத காரணம்.

பையை வாசற்படியில், கதவுக்கு அடைகொடுத்து வைத்தேன். பன்னிரண்டு கிலோ இருக்கும். தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம்தான் உள்ளே போனேன்.

சப்வூஃபர் மூலையில் நின்றது, இடுப்புயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. முன்னால் துணிமூடி. பின்னால் எட்டிப் பார்த்தேன். பச்சை லைட் எரிந்தது. சரி, பிளக் இல்லை. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவரைப் போட்டு டெஸ்ட் டோனை அமுக்கினேன். இது ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும் ஓசை. இடது பக்கம் ஸ்ஸ்ஸ் என்றது. நடு. வலது. பின்னால் இரண்டு. கடைசியில் சப்பின் முறை. துணியின்மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தேன். உயிர் இருந்தால் கையில் தெரியும்.

ஒன்றுமில்லை. துணி மட்டும் ஈரத்தைத் தொட்டதுபோல் சில்லென்றிருந்தது.

ஓசை மறுபடி இடது பக்கத்திலிருந்து தொடங்கியது. ஸ்ஸ்ஸ். அந்த இரைச்சலில் எனக்குப் பின்னால் நடந்தது கேட்கவில்லை. காதில் காற்று அடைத்ததைத்தான் உணர்ந்தேன். அந்தக் கதவு மூடும்போது மட்டும் வரும் அடைப்பு அது.

திரும்பினேன்.

கதவு மூடியிருந்தது.

பை உள்ளே இல்லை.

உடனே நான் அலறிவிடவில்லை. முட்டாள்தனமாக முதலில் கதவைத் தள்ளினேன், அது உள்பக்கம் திறக்கும் கதவு, நானே வைத்தது என்றாலும். ஸ்பாஞ்சைப் பிய்த்தேன். சட்டைப் பையில் டெஸ்டர் ஸ்குரூடிரைவர் ஒன்று மட்டும் இருந்தது. அதைச் சதுர ஓட்டையில் விட்டுத் திருகினேன். வழுக்கியது. மறுபடி. மறுபடி. நுனி வளைந்தது. பூட்டை அசைக்க வேண்டிய சதுரக் கம்பி கதவுக்கு அந்தப் பக்கம், என் பையில், கைப்பிடியோடு இருந்தது. போனைப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? சுவர் முழுக்கத் தகடு அடித்தவன் நான்தானே.

மணி மூன்று இருபது.

அப்புறம் கத்தினேன். வெட்கமில்லாமல் கத்தினேன். "அம்மா! அம்மா!" என்று தொண்டை எரிகிற வரைக்கும். கதவை உதைத்தேன். என் குரல் சுவருக்குள் போய்ப் பஞ்சில் அமுங்கியது. எதிரொலிகூட இல்லை, அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருந்தேன். கொசுவுக்குக்கூடக் கேட்காது என்று நான் சொன்னது எனக்கே ஞாபகம் வந்தது.

நான்கு மணிக்கு அந்த அம்மா கிளம்பிவிடுவார். நாளைக்குத்தான் வருவார். வந்தாலும் கீழே இறங்க மாட்டார். என் வேன் வாசலில் நிற்பதைப் பார்த்து யாராவது தேடினால் உண்டு.

இந்த அறையிலிருந்து மேலே போகக்கூடிய சத்தம் ஒன்றே ஒன்றுதான். அந்தச் சத்தம் வரும் பெட்டி வேலை செய்யவில்லை. அதைச் சரிபார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் வேலை செய்ததில்லை. பின்னால் இருந்த ஆட்டோ சுவிட்சை ஆன் பக்கம் தள்ளினேன். ஒன்றுமில்லை. ஒலி அளவைக் கூட்டும் குமிழை முழுக்கத் திருகினேன். ஒன்றுமில்லை. கேபிளைக் கழற்றி, டிஸ்க் பிளேயரின் கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். ஒன்றுமில்லை. கை வியர்த்து ரிமோட் வழுக்கியது. ரிசீவரின் மெனுவுக்குள் போனேன். சப்வூஃபர் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வாங்க வந்த புண்ணியவான் எதையோ அமுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மனுஷன் கெடுத்து வைப்பதுதான் அதிகம் என்று நான் சொல்லவில்லையா? 'உண்டு' என்று மாற்றினேன். டெஸ்ட் டோனை நேராகச் சப்புக்கு விட்டேன். முழுச் சத்தம்.

ஒன்றுமில்லை.

மூன்று நாற்பத்திரண்டு.

இனி பார்க்காமல் விட்டது கோனைத்தான், ஸ்பீக்கருக்குள் அதிரும் காகிதக் கூம்பை. துணிமூடியின் ஓரத்தில் விரலைவிட்டு இழுத்தேன். அது சுலபமாகக் கழன்று வந்தது. யாரோ ஏற்கனவே கழற்றி, பிறகு இன்னொருவர் ஒழுங்காகத் திருப்பி வைத்தது மாதிரி இருந்தது.

உள்ளே கோன் இல்லை. கோனாக இருந்தது மட்டும்தான் இருந்தது. நடுவில் நசுங்கி, கிழிந்து, உள்ளுக்குள் குழிந்து கிடந்தது. குழியின் அளவு ஒரு கை முஷ்டி. கிழிந்த ஓரங்களில் பழுப்பாகக் காய்ந்த கறை.

கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ரிமோட் கையில் இருக்கிற மனுஷன், செட்டைப் பற்றி எல்லாம் தெரிந்த மனுஷன், எதற்காகக் கையால் அடிக்க வேண்டும்? டெஸ்ட் டோனை விட்டு விட்டு அமுக்கினால் மேலே கேட்டிருக்குமே. சிக்னலில் வேலை பார்த்தவருக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லையே. ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அவர் அடித்தபோது கரண்ட் இல்லை. இருட்டில், விசிறியும் நின்றுபோன இந்தப் பெட்டிக்குள், கோனைப் பறையாக்கி அடித்திருக்கிறார். அது கிழிகிற வரைக்கும்.

நானும் அடித்துப் பார்த்தேன். அந்தக் குழியில் என் முஷ்டி கச்சிதமாகப் பொருந்தியது. கிழிந்த காகிதம் சொத் சொத் என்றது. அந்த ஓசை இந்த அறையின் மறுமூலைக்கே போயிருக்காது.

நான்கு.

அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்.

நான்கு இரண்டு. வாசலில் நிற்பார்.

நான்கு ஐந்து. என் மகளுக்கு நாளைக்குப் பள்ளியில் ஏதோ கூட்டம், வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அது ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. அழுதேன்.

அப்போதுதான் வந்தது.

காதில் இல்லை. முதலில் வயிற்றில். பிறகு பல்லில். பிறகு உட்கார்ந்திருந்த தரையில்.

தும். தும். தும்.

என் கண்ணெதிரே அந்தக் கிழிந்த கோன் இருந்தது. அது அசையவில்லை. ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

தும். தும். தும்.

மூலையில் எங்கேயோ ஒரு பல்பு ஹோல்டர் கடகடவென்று ஆடியது.

விளக்கு அணைந்தது.

விசிறி இறங்கி நின்றது. பின்பக்கத்துப் பச்சை லைட்டும் போய்விட்டது. அம்மா இன்னும் வீட்டில்தான் இருக்கிறார், சத்தத்தைக் கேட்டிருக்கிறார், வழக்கம்போல சுவிட்சை அணைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும். நின்றால் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவ்வளவுதான் என் கதை.

தும். தும். தும்.

நிற்கவில்லை.

கரண்ட் இல்லாத பெட்டி, கோன் இல்லாத பெட்டி, இருட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. புளித்த வியர்வை நாற்றம் இப்போது கிட்டத்தில் வந்திருந்தது. எனக்கு இடப்பக்கம், ஒருவர் குந்தி உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில், மூச்சு ஒன்று கேட்டது. ஓடிக் களைத்த மூச்சு.

அடி நின்றது.

"கடகடன்னு ஒரு சத்தம் வருது தம்பி."

நான் மூச்சு விடவில்லை.

"கதவுலதான்னு நினைக்கிறேன். பாருங்களேன்."

அதே தன்மையான குரல். கோபம் துளிகூட இல்லை. மாதாமாதம் போனில் கேட்ட அதே குரல், காதுக்கு ஒரு சாண் தள்ளி. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நடுங்கியிருக்காது.

"சார்," என்றேன். "திங்கக்கிழமை கொண்டுவரேன்னு சொன்னேன் சார். கொண்டுவரல. மறந்துட்டேன் சார். என் பைலயேதான் இருக்கு."

மூச்சு மட்டும் இருந்தது. பிறகு அதுவும் கதவுப் பக்கம் நகர்ந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவில் ஒரு கிளிக். காது விடுபட்டது. டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. அந்த அம்மா நின்றிருந்தார், செருப்போடு, மூச்சு வாங்க.

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், துணியில்லாமல் நின்ற பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவிட்ச அணைச்சேன்," என்றார். "நிக்கல."

பிறகு படியிலேயே உட்கார்ந்து சொன்னார். அன்றைக்கும் மூன்று மணிக்கு மேல் கீழேயிருந்து அதிர்ந்திருக்கிறது. மூன்று மூன்றாக. சினிமா பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறார். காலையிலேயே ஏதோ வாக்குவாதம். எரிச்சலில் சுவிட்சை அணைத்திருக்கிறார். கத்திக்கொண்டே மேலே வருவார் என்று காபி கலந்து வைத்துக் காத்திருந்தாராம். வரவில்லை. அதற்கப்புறமும் தரை லேசாக அதிர்ந்தது மாதிரி இருந்தது, ஆனால் சுவிட்ச்தான் அணைந்திருக்கிறதே, பிரமை என்று விட்டுவிட்டார். மனுஷன் வீம்பு பிடிக்கிறார், பிடிக்கட்டும் என்று தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் வந்து பார்த்தபோது காபி ஏடு படிந்து கிடந்தது.

"அவரோட நெஞ்சுவலி மாத்திரை இங்க மேல, ஹால் டேபிள்லயே இருந்துச்சு. நான்தான் அணைச்சேன் தம்பி. யார்கிட்டயும் சொல்லல."

நான் பையைத் தேடினேன். மூன்றாவது படியில், சுவரோரமாக, யாரோ பத்திரமாக எடுத்து வைத்தது மாதிரி நிமிர்ந்து நின்றது. தான் தொடவில்லை என்றார். பக்கவாட்டு அறையில் கைவிட்டு, அடியிலிருந்து அதை எடுத்தேன். அவர் கையில் வைத்தேன். என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகமில்லை. திங்கட்கிழமை என்ற வார்த்தையைப் பலமுறை சொன்னேன்.

அவர் வெகுநேரம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. அறைவார் என்று நினைத்தேன், அறையட்டும் என்றுதான் நின்றேன்.

"மாட்டுங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாட்டினேன். ஒரு ஒயரின் ரப்பர் உறையை வெட்டி, கம்பிக்கு வளையமாகப் போட்டேன். ஆடவில்லை. நான்கு திருகுக்கு அரை மணி ஆயிற்று. வேலை முடித்தால் சரிபார்க்க வேண்டும், அது தொழில் பழக்கம். இருவரும் வெளியே படிக்கட்டில் நிற்க, நான் காலி அறையின் கதவை இழுத்து மூடினேன். காது அடைத்தது.

வெளிப்பக்கக் கைப்பிடியைத் தொட நான் கையை நீட்டினேன்.

அது தானாகக் கீழே இறங்கியது.

மெதுவாக. இது திறக்கும் என்று நம்பிக்கை இல்லாதவர் அழுத்திப் பார்ப்பது மாதிரி. பாதியில் நின்றது. மறுபடி இறங்கியது. கிளிக்.

கதவு உள்பக்கமாக ஒரு சாண் திறந்தது. பிறகு முழுதாகத் திறந்தது. உள்ளே இருட்டைத் தவிர யாருமில்லை.

அம்மா குறுகலான படியில் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் நடுவே சில்லென்று ஏதோ மேலே ஏறிப் போனது.

"மெதுவாப் போங்க," என்றார் அம்மா, ரகசியமாக. "மாத்திரை டேபிள் மேலதான் இருக்கு. எடுக்கவே இல்ல."

பத்து நாள் கழித்து அவர் போன் செய்தார். ஹாலில் தரை அதிர்வதில்லையாம். சப்பைத் தவிர்த்து மற்ற செட்டெல்லாம் விற்றுவிட்டாராம். இப்போது தூக்கம் வருகிறது, அவர் போய்விட்டார் தம்பி என்றார். சந்தோஷம்மா என்றேன். அவர் அழுதார், நானும் கொஞ்சம் அழுதேன்.

போய்விட்டார் என்பது உண்மைதான். அந்த வீட்டிலிருந்து போய்விட்டார்.

கைப்பிடி மாட்டிய அன்றைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும். பையைப் பின்னால் போட்டு, வேனின் பின்கதவை மூடி, அந்தச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். சரக்கு வேன் அது, பின்கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. தெருமுனையில் பிரேக் போட்டேன். பின்னாலிருந்து, தகட்டில், மூன்று தட்டு. ஒரு இடைவெளி. மறுபடி மூன்று.

ஒரு வாரம் பின்கதவைத் திறந்து கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டினேன். போலீஸ்காரர் இரண்டு தடவை நிறுத்தித் திட்டினார். கடைசியில் நானே உள்பக்கம் ஒரு கைப்பிடி வாங்கி மாட்டினேன், ரப்பர் வைத்து, ஆடாமல். ஒர்க் ஷாப்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சரக்கை வைக்கிற இடத்தில் உள்ளேயிருந்து யார் திறக்கப் போகிறார்கள் என்று கேட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

இரவு பூட்டாமல் மூடி வைக்கிறேன். காலையில் வந்து பார்த்தால் பின்கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. அதற்கப்புறம் தட்டல் இல்லை. சரி, இதோடு விட்டது என்று நானும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன்.

நேற்று பட்டப்பகலில், ஒரு வேலைக்குப் போகும் வழியில், பக்கத்து சீட்டிலிருந்து கேட்டது.

"கடகடன்னு ஒரு சத்தம் வருது தம்பி."

வண்டியை ஓரம் கட்டினேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். இடதுபக்கப் பின்விளக்கில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. எனக்கு அது கேட்கவே இல்லை. முறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.